தெருக்குத்துக் கடையின் வராத கண்ணாடி

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகும் பெரிய தெருவில் இப்போது மோமோ விற்கிற மூலைக் கடையை ஒருத்தி படம் எடுத்துப் போட்டு, "நம்ம காலத்துல இங்க என்ன கடை, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். ஒருத்தர் வாடகை சைக்கிள் கடை என்றார். இன்னொருத்தி போட்டோ ஸ்டூடியோ என்று அடித்துச் சொன்னாள். மூன்றாவது ஆள் டீக்கடை என்று சொல்லிவிட்டு, மற்ற இருவரையும் வல்லாரைக் கீரை வாங்கித் தின்னச் சொன்னார். பேரன் பேத்தி எடுத்த வயதில் என்ன வாய்!

எல்லோரும் சொன்னது சரிதான். ஆனால் யாரும் சொல்லாத ஒரு கடை நடுவில் இருந்தது. உங்களுக்கு மறந்திருக்கலாம், ஏனென்றால் அது ஒரு கோடைக்கு வந்து ஆடியில் போய்விட்டது. எனக்கு மறக்காது. ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் குழுவில் சொல்லக்கூடிய கதை இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைக்கு நேர் எதிரே இருந்த சந்தில்தான் எங்கள் வீடு. சந்தின் கடைசி வீடு எங்களுடையது. வாசலில் நின்றால் சந்து முழுக்கத் தெரிந்து, அதன் முடிவில் பெரிய தெருவைத் தாண்டி அந்தக் கடையும் தெரியும். இப்படி ஒரு சந்து நேராக வந்து ஒரு கட்டடத்தின் நெற்றியில் முட்டினால் அதற்குத் தெருக்குத்து என்று பெயர், அங்கே இருப்பவர்கள் விளங்கமாட்டார்கள் என்பது நம் ஊர் சாஸ்திரம். கடைக்குச் சொந்தக்காரர் அதற்குப் பரிகாரமாக முன்சுவரில் ஒரு மாடம் வைத்து, உள்ளங்கை அளவுப் பிள்ளையாரைப் பதித்திருந்தார். பிள்ளையார் வந்த பிறகும் ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

முதலில் எனக்கு ஞாபகம் இருப்பது சைக்கிள் கடைக்காரர். ரப்பர் சொல்யூஷன் வாசனையும், பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணீரின் கறுப்பும்தான் அந்தக் கடை. அவர் சொந்தமாகவே இடம் வாங்கி ரயில்வே கேட் பக்கம் போனார். நன்றாக வந்துதான் போனார், ஆனாலும் ஊர் அதையும் தெருக்குத்துக் கணக்கில் எழுதியது. அப்புறம் ஸ்டூடியோக்காரர். உள்ளே மாளிகைப் படிக்கட்டும் மயிலும் வரைந்த திரைச்சீலை தொங்கும். நம்மில் பாதிப் பேர் அந்த மயிலுக்குப் பக்கத்தில் மிரண்ட முழியோடு நின்றிருக்கிறோம். என் சித்தப்பாவும் சித்தியும் கல்யாணமான புதிதில் அந்தப் படிக்கட்டுக்கு முன்னால்தான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சித்தப்பா லாரியில் போகிற வேலை பார்த்தார். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நாக்பூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன லாரி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. வழியில் டீ குடிக்க இறங்கினார், பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆளைக் காணோம் என்றார் டிரைவர். அப்பா இரண்டு தடவை ரயில் ஏறிப் போய்த் தேடினார். போலீசில் சொன்னார். ஒரு தகவலும் இல்லை. சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்குத் தலை பின்னுவது, ஜுரம் வந்தால் பக்கத்தில் படுப்பது எல்லாம் அவள்தான். தினமும் நெற்றியில் குங்குமம் வைப்பாள், சாயங்காலம் முழம் மல்லிகை வாங்கி எனக்குப் பாதி, அவளுக்குப் பாதி வைப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் அப்பாவுக்குத் தூக்கம் கெட்டது. தம்பி கனவில் வந்து தண்ணீர் கேட்கிறான் என்றார். ஜோசியர் பார்த்துவிட்டு, ஆள் எப்போதோ போய்விட்டார், கர்மம் செய்யாததால் தாகத்தோடு அலைகிறார் என்று சொல்லிவிட்டார். அப்பா ரயில்வே ஆபீசில் வேலை, அம்மன் கோயில் கமிட்டியில் செயலாளர், நாலு பேர் மதிக்கிற மனிதர். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வரும் ஆடி அமாவாசைக்குத் தம்பிக்கும் சேர்த்துத் தர்ப்பணம் கொடுப்பது, அன்றைக்கே அவன் படத்தை ஹாலில் மாட்டி மாலை போடுவது என்று முடிவு செய்தார். அந்த முடிவில் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கத் துடித்தார், அவ்வளவுதான். படத்துக்கு மாலை விழுந்தால் சித்தியின் கழுத்திலிருந்து தாலி இறங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். "அவளுக்கும் ஒரு முடிவு வேணாமா?" என்று அம்மாவிடம் சொன்னார். சித்தியிடம் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா தனியாக எடுத்த படம் கிடையாது. அதனால் ஸ்டூடியோக்காரர் அந்த ஜோடிப் படத்திலிருந்து சித்தப்பாவை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார். சித்தியின் தோள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மை தீட்டியிருந்தார். பார்த்தால் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் புகை மூட்டம் போட்ட மாதிரி இருக்கும். அதைக் கொடுத்த கையோடு ஸ்டூடியோவும் காலியாகிவிட்டது. அவர் எந்த ஊருக்குப் போனாரோ, நம் மயில் படங்களின் நெகட்டிவ் எல்லாம் அவரோடு போயின.

சித்திரையில் அந்தக் கடைக்குப் பாய் வந்தார்.

படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற பாய். பல்லாவரத்தில் அண்ணன் கடையில் இருந்தவர், மனஸ்தாபமாகி, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு தனியாகப் பிழைக்க வந்திருந்தார். கடையின் பின்பக்கத்திலேயே குடித்தனம். மாடத்துப் பிள்ளையாரைப் பாய் என்ன செய்யப் போகிறார் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் தூசியைத் துடைத்துவிட்டு, மாடத்தின் அளவுக்கு ஒரு கண்ணாடி வெட்டிச் சின்னச் சட்டத்தோடு பொருத்திவிட்டார். காக்கை தொந்தரவு தீர்ந்தது. பூக்கார அம்மா ஊர் முழுக்க, "பாய் புள்ளையாருக்கே ஃபிரேம் போட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எனக்கு அந்தக் கடை ரொம்பப் பிடிக்கும். அறுத்த மரத்தின் வாசனை, அடுப்பில் காய்ச்சிய மைதாப் பசையின் புளிப்பு வாசனை. கண்ணாடியில் அளவுகோலை வைத்து வைரக் கத்தியால் ஒரு இழு இழுப்பார். பல் கூசும். பிறகு இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக அமுக்கினால் 'டக்'கென்று நேராகப் பிரியும். முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மெக்காவும் ஒரே சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருப்பார்கள். பசைச் சட்டியை மட்டும் எப்போதும் தூர மூலையில் வைத்திருப்பார். படங்கள் பக்கம் அதைக் கொண்டுவரவே மாட்டார்.

அப்பா பெரிதாக்கிய படத்தை அவரிடம் கொடுத்து, ஆடி அமாவாசைக்கு முன்னால் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் சாயங்காலம் பூ வாங்கப் போன சித்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாய் கடைக்குள் நுழைந்தாள்.

"பாய், எங்க மாமா ஒரு படம் குடுத்தாரே."

"ஆமாம்மா. உங்க வூட்டுக்காரரா? பாவம், சின்ன வயசு. ஆண்டவன் அவருக்கு..."

"அப்படிச் சொல்லாதீங்க பாய்." சித்தி இடைமறித்தாள். "அவர் செத்துட்டார்னு இதுவரைக்கும் யாரும் வந்து சொல்லல. லாரி வந்துச்சு, அவர் வரல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

பாய் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "சார் அமாவாசைக்கு வோணும்னாரேம்மா."

"அதான் கேக்க வந்தேன். அந்தப் படம் வீட்டுக்கு வந்தா மாலை போடுவாங்க. மாலை போட்டா இதைக் கழட்டணும்." தாலிச் சரட்டைப் பிடித்துக் காட்டினாள். "மாமா நல்லவர். அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. நீங்க கொஞ்சம் தள்ளிப் போடுங்க பாய்."

"எவ்ளோ நாள்மா?"

"தெரியல பாய்."

பின்பக்கத்தில் குழந்தை அழுது ஓய்ந்தது. பாய் சித்தப்பா படத்தை எடுத்து நாடாவால் அளந்தார். "இந்த சைசுக்குக் கண்ணாடி இல்லம்மா. பாரீஸ் கார்னர்லேர்ந்து வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பெரிய பெரிய கண்ணாடிகள் ஏழெட்டு சாய்ந்து நின்றன. "இருக்கே!" என்று நான் கையை நீட்டினேன். சித்தி என் விரலை நசுக்கிவிட்டாள். பாய் ஒரு கோணியை எடுத்துக் கண்ணாடிகளின்மேல் போர்த்தினார். "எங்க பாப்பா இருக்குது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னைத்தான் அப்பா அடிக்கடி அனுப்புவார். "போய் படம் ஆச்சான்னு கேட்டுட்டு வா." நான் ஓடுவேன். "கண்ணாடி வர்ல பாப்பா" என்பார் பாய். திரும்பி ஓடி வந்து அதையே சொல்வேன். ஆனி முழுக்க இதே ஓட்டம். அப்பாவுக்குப் பொறுமை போனது. அவரே நேரில் போய்ச் சத்தம் போட்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, "வந்துரும் சார், வந்துரும் சார்" என்றார்.

இதில் பாய் எப்படி மாட்டிக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். செயலாளர் படத்துக்குக் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டு, அதே அளவுப் படத்தை இன்னொருத்தருக்குப் போட்டுக் கொடுக்க முடியுமா? அப்பா காதுக்குப் போய்விடாதா? அதனால் பெரிய படம் கொண்டுவந்த எல்லோரையும் கண்ணாடி இல்லை என்று திருப்பி அனுப்பினார். கல்யாணப் படங்கள், புதுமனைப் புகுவிழாவுக்கு வெங்கடாசலபதி, எல்லாம் குரோம்பேட்டைக்குப் போயின. ஆடித் திருவிழாவுக்கு அம்மன் படங்கள், எல்லாமே பெரிய அளவு, கமிட்டி அவரிடம்தான் கொடுப்பதாக இருந்தது. ஒரு வருஷத்துக்கு அவரை நிமிர்த்தியிருக்கும் வேலை. அப்பா கமிட்டியில், "அந்த ஆளை நம்பி எதையும் குடுக்காதீங்க, சொன்ன நாளைக்குத் தரமாட்டான்" என்றார். அது போதுமே, ஊர் வாய்க்கு மூடி ஏது? சோம்பேறி, வாயால் பந்தல் போடுகிறவன், அதனால்தான் அண்ணன் துரத்திவிட்டார் என்று கதை கட்டினார்கள். பழைய சைக்கிள் கடைக்காரர் அந்தப் பக்கம் வந்தபோது, "இன்னா சார் பண்றது, அந்த எடத்துல எவன் வந்து குந்திக்கினாலும் இதே பேஜார்தான். தெருக்குத்து சும்மா வுடுமா?" என்றார்.

எங்கள் வீட்டுப் படத்துக்குக் கண்ணாடி வெட்ட அவருக்கு அரை மணி நேரம் ஆகியிருக்காது. வெட்டிக் கொடுத்திருந்தால் கடை பிழைத்திருக்கும். இல்லை, உங்கள் வீட்டுப் பெண்தான் கேட்டுக்கொண்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் பழி அவரை விட்டுப் போயிருக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, எதையும் சொல்லாமல், கோணிக்குப் பின்னால் சரக்கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

சித்தி இளைத்துப் போனாள். அமாவாசை நெருங்க நெருங்கச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அப்பா கும்பகோணத்துக்குப் போன நண்பரிடம் சொல்லிச் சந்தன மாலை வாங்கி வரச் செய்துவிட்டார். அது அட்டைப்பெட்டியில் பீரோமேல் இருந்தது. ஹால் முழுக்க அதன் வாசனைதான். நல்ல வாசனைதான், ஆனால் சித்தி அந்தப் பக்கம் வரும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தனியாகவே பூ வாங்கப் போய் வந்தாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம். படம் வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்குத் தர்ப்பணம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கும்போது, பாய் செய்தித்தாளில் சுற்றிய பெரிய படத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சந்தில் நடந்து வந்தார். சித்தி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா காகிதத்தைக் கிழித்தார். உள்ளே சித்தப்பா தனியாக இல்லை. அவர்களுடைய ஜோடிப் படம் இருந்தது. சின்னப் படம்தான். சுற்றிலும் அகலமாக வெள்ளை அட்டை கொடுத்து, அந்தப் பெரிய சட்டத்தின் நடுவில் வைத்திருந்தார். மாளிகைப் படிக்கட்டுக்கு முன்னால் சித்தப்பாவும் சித்தியும்.

"என்னய்யா இது? நான் குடுத்த படம் எங்க?"

பாய் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பெரிதாக்கிய படம் முகம் தெரியாமல் மைதாப் பசை அப்பிக் காய்ந்து, வெடித்திருந்தது. "பச சட்டி கவுந்துருச்சு சார். தப்பு என்மேலதான். வெறுங்கையோட வரக்கூடாதுன்னு உங்க வூட்ல இருந்த படத்த இந்தத் தங்கச்சிகிட்ட கேட்டு வாங்கி இத போட்டேன். காசு வோணாம் சார்."

பசைச் சட்டி இருந்த மூலையை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அது தெரியாது. "நெகட்டிவ்கூட இல்லையேடா! கையாலாகாத உனக்கெல்லாம் எதுக்குக் கடை?" என்று கத்தினார். சந்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பாய், "தப்புதான் சார்" என்றார். மறுபடியும், "தப்புதான்" என்றார். பிறகு போய்விட்டார்.

அப்பா கோபத்தோடு படத்தைத் தூக்கி ஹால் நாற்காலியில் சாய்த்து வைத்தார். "எதுல இருந்தா என்ன, அவன்தானே" என்று பீரோமேலிருந்த பெட்டியைத் திறந்து சந்தன மாலையை எடுத்தார். சட்டத்தின் மேல்விளிம்புவரை கை போனது.

"என்ன பண்றீங்க?" என்றாள் அம்மா. அம்மா அப்பாவிடம் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை. "உயிரோட இருக்கறவ படத்துக்கா மாலை போடுவீங்க? அவ இங்கதான நிக்கிறா!"

அப்பாவின் கை அப்படியே நின்றது. ஜோடிப் படத்துக்கு மாலை போட்டால் அது சித்தியின் கழுத்திலும் விழும். இந்த ஒன்றைத்தான் பாய் யோசித்துவைத்திருந்தார். அப்பா படத்தைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் சித்தப்பா நேராகப் பார்க்காமல் சித்தி பக்கம் லேசாகத் திரும்பி, எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"தனியா இருந்தப்ப இவன் சிரிக்கறதே தெரியல" என்றார் அப்பா. மாலையைக் கையில் பிடித்தபடியே, "நீ என்னம்மா சொல்ற?" என்று சித்தியிடம் கேட்டார். அந்தக் கேள்வி அவளிடம் வர அவ்வளவு நாள் ஆயிற்று.

"அவர் வருவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது மாமா. ஆனா நானா அவரைக் கொன்னுட்டு உக்கார மாட்டேன்" என்றாள் சித்தி.

மறுநாள் அப்பா தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மட்டும் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். தம்பிக்காக ஒரு பானையில் தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தார், போகிற வருகிறவர்கள் குடிக்க. கனவு நின்றதா என்று அவர் சொல்லவில்லை.

ஆடி முடிவதற்குள் பாய் கடையைக் காலி செய்தார். கண்ணாடிகளை வைக்கோல் சுற்றித் தட்டுவண்டியில் ஏற்றுவதை எங்கள் வாசலில் இருந்தே பார்த்தோம். அங்கே போய் ஒரு வார்த்தை சொல்லச் சித்திக்கு வழி இல்லை. தெரு முழுக்கக் கண். கடையிலிருந்து சந்தின் நீளத்துக்கும் பார்த்த பாய், ஒரு தடவை நெற்றிக்குக் கையை உயர்த்தி இறக்கினார். சித்தி கும்பிட்டாள். நேரெதிர் என்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும். தெருக்குத்து இன்னொரு ஆளையும் சாப்பிட்டுவிட்டது என்று சொந்தக்காரர் அலுத்துக்கொண்டார். அப்பாவும் கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிற்பாடு சித்தி பல்லாவரத்தில் போய் விசாரித்தாள். வாணியம்பாடி பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்களாம். அதற்குமேல் தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் நம் வல்லாரைக்காரர் சொன்ன டீக்கடை வந்தது. பிறகு எஸ்.டி.டி. பூத், சி.டி. கடை, ரீசார்ஜ் கடை, இப்போது மோமோ. பிள்ளையார் மாடத்தைத் தெரு அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள்.

சித்தி ஆசிரியைப் பயிற்சி முடித்து, ஒரு சின்னப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாள். கடைசிவரை குங்குமமும் பூவும்தான். என் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றது அவள்தான். அந்த அமாவாசைக்கு மாலை விழுந்திருந்தால் அவளை மண்டபத்தின் பின்கட்டில் தேடியிருப்பேன். அப்பா அம்மாவுக்குப் பிறகு அவள் என்னோடு செம்பாக்கத்துக்கு வந்துவிட்டாள், படத்தையும் எடுத்துக்கொண்டு.

போன வருஷம் சித்தி போய்விட்டாள். காரியம் முடிந்த அன்றைக்கு என் மகன் பெருங்களத்தூரில் மாலை வாங்கி வந்து, ஹாலில் இருந்த ஜோடிப் படத்தை நோக்கிப் போனான். நான், "இரு" என்றேன்.

"ஏம்மா? இப்பதான் சின்னப் பாட்டியும் இல்லையே."

"பாட்டி இல்ல. நம்ம கண்ணு முன்னாடி போனாங்க. சின்னத் தாத்தா இல்லன்னு உனக்கு யார் சொன்னது?"

"அம்மா! அவருக்கு இப்ப தொண்ணூறு வயசு கிட்ட இருக்கும்மா!"

"இருக்கட்டும். நம்ம அபார்ட்மென்ட்லயே அந்த வயசுல ரெண்டு பேர் காலைல வாக்கிங் போறாங்க."

மகன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சித்தியின் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போய், அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தான். முகம் கொஞ்சம் மங்கல்தான். மாலை அதற்கு ஏறியது. பக்கத்தில் பாய் போட்ட சட்டத்துக்குள் சித்தப்பா இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் செத்துவிட்டார் என்று யாரும் இதுவரை எங்களிடம் வந்து சொல்லவில்லை.